போன் தரும் ‘சமநிலை மதிப்பெண்’ எதைத்தான் அளக்கிறது?

கொக்கு எழுதியது:

ஆறு வாரத்துக்கு முன்பு படி இறங்கும்போது வலது கணுக்கால் பிசகிவிட்டது. எலும்பு முறியவில்லை, தசைநார் மட்டும்தான். வீக்கம் வடிந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அந்தக் காலை நம்பி முழுப் பாரத்தையும் வைக்க இன்னும் மனம் வரவில்லை. ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள் என்றார்கள். சும்மா நிற்பதற்குப் பதில் அளந்து பார்க்கலாமே என்று ஒரு செயலியை இறக்கினேன். போனை இடுப்பில் கட்டிக்கொண்டு 30 விநாடி நிற்க வேண்டும், முடிந்ததும் நூற்றுக்கு இவ்வளவு என்று சமநிலை மதிப்பெண் போடும்.

திங்கள் 72. செவ்வாய் 58. புதன் 81. ஒரே ஆள், ஒரே கால். வியாழக்கிழமை கடுப்பாகி, அடிபடாத இடது காலில் நின்று பார்த்தேன், 64. அதாவது என் நல்ல காலைவிட அடிபட்ட கால் உசத்தியாம்! இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யாருக்காவது தெரியுமா? செயலியின் உதவிப் பக்கத்தில் ‘மேம்பட்ட கணக்கீடு’ என்பதைத் தாண்டி ஒரு வரி இல்லை.

மூட்டுவலி_முனிவர் எழுதியது:

செயலியை நீக்குங்கள். ஒற்றைக்காலில் நில்லுங்கள். விழவில்லை என்றால் சமநிலை இருக்கிறது, விழுந்தால் இல்லை. இதற்கு எதற்குச் சார் கணக்கு?

பிழைதிருத்தி எழுதியது:

முனிவர் சொல்வது பாதி சரி, மீதிப் பாதிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் போன் விஷயம். எனக்கு மருத்துவம் தெரியாது, இந்த உணரிகளோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை.

போனுக்குள் வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி ஒன்றும் சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப் ஒன்றும் இருக்கின்றன. நீங்கள் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தீர்கள் என்பது இரண்டுக்குமே தெரியாது. முடுக்கமானிக்குத் தெரிவது முடுக்கமும் புவியீர்ப்பும் கலந்த ஒரு கலவை. இடுப்பு ஒரு டிகிரி சாய்ந்தால் அது சுமார் 0.17 மீ/விநாடி² என்று காட்டும். கணுக்காலிலிருந்து உடம்பு முழுக்க ஒரே கட்டையாகச் சாய்கிறது என்று வைத்துக்கொண்டால், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் இடுப்பு 1.7 செ.மீ. நகர்ந்திருக்கும். ஆனால் ஒற்றைக்காலில் நிற்கும்போது யாரும் ஒரே கட்டையாக நிற்பதில்லை, இடுப்பு ஒடிகிறது, கை அலைகிறது, முழங்கால் மடங்குகிறது. அங்கேயே கணக்கு ஆட்டம் காண்கிறது.

‘சரி, முடுக்கத்தைக் கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே போய் வேகம், அதையும் அப்படியே கூட்டித் தூரம் என்று இரண்டு தடவை தொகையிட்டால் தூரம் வந்துவிடுமே’ என்று கல்லூரி நாட்களில் நானும் நினைத்தேன். உணரியில் 0.01 அளவுக்கு ஒரு நிலையான பிழை இருந்தாலே போதும், 30 விநாடி முடிவில் நீங்கள் நின்ற இடத்தை விட்டு 4.5 மீட்டர் தள்ளிப் போய்விட்டதாகப் போன் சொல்லும். அதனால் பெரும்பாலான செயலிகள் இந்த வம்புக்கே போவதில்லை. முடுக்கம் எவ்வளவு ஏறி இறங்கியது என்று பார்த்து, அதை ஏதோ ஒரு சூத்திரத்தில் போட்டு, 100-க்கு மாற்றிவிடுகின்றன. அந்த ‘ஏதோ’ என்ன என்று சொல்லாதவரை 72-க்கும் 81-க்கும் அர்த்தம் கிடையாது. போனைக் கட்டிய பை கொஞ்சம் தளர்ந்து அது தனியாக ஆடினாலே மதிப்பெண் விழும். செவ்வாய்க்கிழமை அதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

கணுக்கால் எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். கொக்கு, நான்கு நாளும் எப்படி நின்றீர்கள் என்று சொல்லுங்கள். வெறுங்காலா, செருப்பா? கண் எங்கே பார்த்தது? கைகள் இடுப்பிலா, காற்றிலா? தூக்கிய கால் நிற்கும் காலைத் தொட்டதா? சுவரில் விரல் வைத்தீர்களா?

கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. விரல் நுனியால் எதையாவது லேசாகத் தொட்டாலே, ஒரு நியூட்டனுக்கும் குறைவான விசையில், அதாவது 100 கிராம் எடைகூட அதன்மேல் சாயாத அளவுக்குத் தொட்டாலே, தள்ளாட்டம் நன்றாகக் குறைந்துவிடும். ஜேக்காவும் லாக்னரும் 1994-இல் அதைக் காட்டினார்கள். அந்த விரல் உடம்பைத் தாங்குவதில்லை. உடம்பு எந்தப் பக்கம் போகிறது என்ற செய்தியை மட்டும் மூளைக்குக் கொடுக்கிறது.

கொக்கு எழுதியது:

ஐயோ. திங்கள் செருப்போடு, புதன் வெறுங்காலோடு. புதன்கிழமை பக்கத்தில் அலமாரி இருந்தது, அதில் விரல் பட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. கண் எங்கே பார்த்தது என்று ஞாபகமே இல்லை, நேரம் முடிந்ததா என்று பார்க்கக் கடிகாரத்தை அடிக்கடி திரும்பிப் பார்த்தேன்.

கணுக்கால் எழுதியது:

அப்படியானால் நீங்கள் நான்கு நாளில் நான்கு வெவ்வேறு பரிசோதனை செய்திருக்கிறீர்கள். செயலியை மட்டும் குறை சொல்ல முடியாது.

அடிப்படையிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் ‘சமநிலை’ என்ற ஒரே சொல்லில் இரண்டு மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். உடம்பின் நிறை மையம் என்பது நிற்கும்போது தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, உடம்புக்குள்ளே, உயரத்தில் சுமார் 55 சதவீதத்தில் இருக்கும் ஒரு கற்பனைப் புள்ளி. அழுத்த மையம் வேறு. பாதம் தரையை அழுத்துகிறதல்லவா, அந்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேர்த்தால் அது எங்கே விழும் என்பது. ஆய்வகத்தில் தரையோடு பதித்திருக்கும் விசைத் தட்டு அளப்பது இந்த இரண்டாவதைத்தான்.

உள்ளங்கையில் நீளக் குச்சியை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சியின் உச்சி மெதுவாகச் சாய்கிறது, கை ஓடிப்போய் அது சாயும் பக்கத்தைத் தாண்டி நின்று திருப்பித் தள்ளுகிறது. கைதான் அழுத்த மையம், குச்சிதான் உடம்பு. கை எப்போதும் குச்சியைவிட வேகமாகவும் அதிக தூரமும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்க முடியாது. ஆக விசைத் தட்டில் தெரியும் கோடு நீங்கள் ஆடிய ஆட்டம் மட்டுமல்ல. ஆட்டமும் அதைத் திருத்த நீங்கள் செய்த முயற்சியும் அதில் பின்னிக்கிடக்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘கோடு சின்னதாக இருந்தால் நல்லது’ என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம், எங்கள் துறையிலும்.

மூட்டுவலி_முனிவர் எழுதியது:

கோடு சின்னதாக இருந்தால் நல்லதுதானே? குறைவாக ஆடுகிறவன் குறைவாக விழுவான். இதில் என்ன மர்மம்.

கணுக்கால் எழுதியது:

உயரமான மேடையின் விளிம்பில் உங்களை நிறுத்தினால் என்ன செய்வீர்கள் முனிவரே? விறைத்துக்கொண்டு நிற்பீர்கள். முன்னும் பின்னுமான தசைகளை ஒரே நேரத்தில் இறுக்கிக்கொள்வீர்கள். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உயரத்தில் நிற்பவர்களின் தள்ளாட்டம் அளவில் குறைகிறது, ஆனால் அதிர்வெண் கூடுகிறது, சின்னச் சின்னதாக வேகமாக நடுங்குகிறார்கள். அவர்களுடைய சமநிலை அந்த நிமிடத்தில் மேம்பட்டுவிட்டது என்றா சொல்வீர்கள்? பயந்துபோயிருக்கிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் சிலரிடமும் சும்மா நிற்கும்போது ஆட்டம் குறைவாகவே இருக்கும், லேசாக ஒரு தள்ளு தள்ளினால் மரக்கட்டை மாதிரி சாய்வார்கள்.

கொக்குவின் அடிபட்ட கால் நல்ல காலைவிட அதிக மதிப்பெண் வாங்கியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அலமாரியைத் தவிர.

மூட்டுவலி_முனிவர் எழுதியது:

ம்ம். யோசிக்கிறேன்.

மழைக்குருவி எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 71 வயது. இந்த ஆண்டில் இரண்டு முறை தடுமாறி விழப் பார்த்தார், ஒரு முறை நிஜமாகவே விழுந்தார், நல்லவேளை அடி பெரிதாக இல்லை. 10 விநாடி ஒற்றைக்காலில் நிற்க முடியாவிட்டால் ஆயுசு குறைவு என்று ஒரு செய்தி சுற்றி வருகிறதே, அதைப் படித்ததிலிருந்து அம்மா தினமும் சமையலறையில் நின்று பார்த்துப் பயந்துபோகிறார். அது உண்மையா?

கணுக்கால் எழுதியது:

முதலில் அம்மாவைத் தனியாக நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள் சகோதரி. சுவர் மூலையில் முதுகு இருக்கட்டும், முன்னால் கனமான நாற்காலி இருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

அந்த ஆய்வு உண்மைதான், 2022-இல் வந்தது. 51 முதல் 75 வயது வரை 1,702 பேர். 10 விநாடி நிற்க முடியாதவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் இறப்பு ஆபத்து 84 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது, வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும். ஆனால் நிற்க முடியாததால் இறந்தார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. நிற்க முடியாதவர்களிடம் ஏற்கெனவே நீரிழிவு, உடல் பருமன் மாதிரிப் பல சிக்கல்கள் அதிகம். அது ஒரு அடையாளம், தீர்ப்பு அல்ல. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், பயத்தால் உடம்பு விறைத்துக்கொண்டால் நிற்பது இன்னும் கஷ்டமாகும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். மொத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1991-லிருந்து புழக்கத்தில் இருக்கும் சோதனை. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்தைக் கவனிக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. ஆனால் நான் கடிகாரத்தைவிடத் திரும்பும் இடத்தைத்தான் பார்ப்பேன். எத்தனை அடி எடுத்து வைத்துத் திரும்புகிறார், திரும்பும்போது எதையாவது பிடிக்கிறாரா, நாற்காலியில் தொப்பென்று விழுகிறாரா.

இன்னொன்று, கருவியே தேவையில்லாதது. கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா? ஸ்வீடனில் முதியோர் இல்லத்தில் 1997-இல் இதையே சோதனையாக வைத்தார்கள். 58 பேரில் 12 பேர் பேசுவதற்காக நின்றார்கள், அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த 6 மாதத்தில் விழுந்தார்கள். நடப்பது தானாக நடக்கும் காரியமாக இல்லாமல், முழுக் கவனத்தையும் கேட்கும் வேலையாகிவிட்டது என்பதன் அறிகுறி அது.

ஒரு முறை விழுந்தே விட்டார் என்பதால் இங்கே எங்களோடு பேசுவதோடு நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், கண், காது, பாதத்தின் உணர்ச்சி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

மழைக்குருவி எழுதியது:

நன்றி டாக்டர். நாளை மறுநாள் அழைத்துப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா முகம் கழுவும்போதுதான் அதிகம் தடுமாறுகிறார், இது ஏதாவது அர்த்தமா?

கணுக்கால் எழுதியது:

அர்த்தம் உண்டு, மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கண்ணை மூடினால் தடுமாறுகிறார் என்றால், பாதமும் மூட்டும் அனுப்ப வேண்டிய செய்தியோ உள்காது அனுப்ப வேண்டிய செய்தியோ குறைவாக இருக்கிறது, கண்தான் அதை ஈடுகட்டிக்கொண்டிருந்தது என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ரோம்பெர்க் விவரித்த சோதனையே இதுதான், பாதங்களைச் சேர்த்து வைத்து நில், இப்போது கண்ணை மூடு. சிறுமூளையில் கோளாறு உள்ளவர் கண் திறந்திருக்கும்போதே ஆடுவார், அது வேறு கதை.

கண்ணுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இன்னொரு ஆராய்ச்சி. 1974-இல் லீ, ஆரன்சன் இருவரும் தரை நிலையாக இருக்கச் சுவர்கள் மட்டும் நகரும் ஓர் அறையில் நடை பழகும் குழந்தைகளை நிறுத்தினார்கள். சுவர் நகர்ந்ததும் குழந்தைகள் தடுமாறி விழுந்தார்கள். காலுக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

சுழற்சி எழுதியது:

நான் நடனக் கலைஞர். எல்லோரும் நிற்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒருங்கிணைப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே. தலைப்பில் இல்லைதான், இருந்தாலும் என் பார்வையில் இரண்டும் ஒன்று.

ஒரு விளையாட்டு. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டி, கார் கண்ணாடியைத் துடைக்கும் கம்பிகள் மாதிரி இரண்டும் ஒரே திசையில் போகும்படி ஆட்டுங்கள், இடம், வலம், இடம், வலம். இப்போது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு வேகத்தில் உங்கள் அனுமதி இல்லாமலே விரல்கள் கட்சி மாறி, இரண்டும் சேர்ந்து உள்ளே, சேர்ந்து வெளியே என்று ஆட ஆரம்பிக்கும். கெல்சோ 1980-களில் இதை ஆராய்ந்து, 1985-இல் ஹாக்கன், புன்ஸ் இருவரோடு சேர்ந்து சமன்பாடே எழுதிவிட்டார். ஒருங்கிணைப்பை அளக்க அவர்கள் எடுத்துக்கொண்டது ஒவ்வொரு விரலும் எங்கே இருக்கிறது என்பதை அல்ல, ஒன்றுக்கு ஒன்று எவ்வளவு முன்பின்னாக இருக்கிறது என்கிற கட்ட வித்தியாசத்தை. கட்சி மாறுவதற்குச் சற்று முன்பு அந்த வித்தியாசம் தத்தளிக்க ஆரம்பிக்கும், அதைப் படமாக வரைந்தால் கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று, கணுக்கால் சொன்னதோடு ஒட்டியது. 1920-களில் மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் என்பவர் தொழிலாளர்களின் உடம்பில் சின்ன விளக்குகளைக் கட்டி, உளியின் தலையில் சுத்தியலால் அடிப்பதைப் படம் எடுத்தார். கை தேர்ந்தவர்கள் ஒவ்வொரு அடியையும் ஒரே மாதிரிதான் அடிப்பார்கள் என்று நாம் நினைப்போம். இல்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகின்றன, சுத்தியல் போய் விழும் இடம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. தோள் செய்த தவறை மணிக்கட்டு வழியிலேயே சரிக்கட்டுகிறது. என் மாணவிகளிடம் நான் பார்ப்பதும் இதுதான். புதிதாக வந்தவள் விறைப்பாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆடி, ஒரே மாதிரி விழுவாள். பழகியவள் உடம்பில் ஆயிரம் அசைவு ஓடும், தலை மட்டும் குடம் வைத்தது மாதிரி நிற்கும்.

மூட்டுவலி_முனிவர் எழுதியது:

இரவு பதினொன்றரை மணிக்கு விரலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனைவி ஒரு மாதிரி பார்க்கிறார். கட்சி மாறுவது உண்மைதான்.

கொக்கு எழுதியது:

சிரித்துவிட்டேன் முனிவரே. சரி, புதிய செய்தி. நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் பழைய விளையாட்டுப் பலகை ஒன்று கிடந்தது, நின்ட்டெண்டோவின் வீ பேலன்ஸ் போர்டு. அதன்மேல் நின்று அளக்கலாமா? அல்லது போன் கேமராவில் படம் எடுத்து எலும்புக்கூடு வரையும் மென்பொருளில் போடலாமா? எது மேல்?

பிழைதிருத்தி எழுதியது:

பலகையை விடாதீர்கள், அது புதையல். 2007-இல் வந்த சாமான், நான்கு மூலையிலும் ஆளுக்கொரு எடை உணரி. 2010-இல் ஆய்வகத்து விசைத் தட்டோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, நிற்கும் சோதனைகளுக்கு இது நெருக்கமாகவே வருகிறது என்று எழுதினார்கள். கணக்கும் எளிது. வலப்பக்கத்து இரண்டு மூலைகளின் எடையிலிருந்து இடப்பக்கத்து இரண்டையும் கழித்து, மொத்த எடையால் வகுத்து, உணரிகளுக்கு இடையிலான அகலத்தில் பாதியால் பெருக்கினால் அழுத்த மையத்தின் இட வல நிலை. முன்பின்னுக்கும் அதே மாதிரி. குறை என்னவென்றால் செங்குத்து விசையை மட்டும்தான் பார்க்கும், வாசிப்புகளும் சீரான இடைவெளியில் வராது, நீங்கள்தான் சீராக்கிக்கொள்ள வேண்டும். கெட்டியான தரையில் வையுங்கள், கம்பளத்தின் மேல் வேண்டாம்.

அழுத்த மையம் ஓடிய பாதையின் மொத்த நீளத்தைக் கணக்கிடும்போது ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி. விநாடிக்கு 100 வாசிப்பு, 30 விநாடி, ஆக 3,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் உணரியின் இரைச்சல், அதாவது அசைவே இல்லாமல் வாசிப்பு தானாகத் துள்ளுவது, அரை மில்லிமீட்டர் என்றால் நீங்கள் துளிகூட அசையாமல் நின்றாலும் பாதை நீளம் 1.5 மீட்டர் காட்டும். இரண்டு காலில் அமைதியாக நிற்கும் ஆரோக்கியமான ஒருவருக்கு நிஜப் பாதையே விநாடிக்கு ஏறக்குறைய 1 செ.மீ. அளவில்தான் இருக்கும், 30 விநாடிக்கு 30 செ.மீ. அதாவது இரைச்சல் உண்மையைப் போல ஐந்து மடங்கு! அதனால் முதலில் வடிகட்டுங்கள். உடம்பின் தள்ளாட்டம் பெரும்பாலும் 1 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு ஓர் ஆட்டத்துக்கு, கீழேதான் நடக்கிறது, 10 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை வெட்டினால் ஒன்றும் குடி முழுகாது. ஒரே வடிகட்டியை எல்லா நாளும் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மறுபடி 72, 58, 81 கதைதான்.

கேமரா விஷயம். ஒற்றைக் கேமராவில் படம் எடுத்து 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தரும் மீடியாபைப் மாதிரி மென்பொருள்கள் இப்போது இலவசம். நடை, குந்தி எழுதல், கை வீச்சு மாதிரிப் பெரிய அசைவுகளுக்கு அருமை. ஆனால் இடுப்பு மூட்டு துணிக்குள், தசைக்குள் எங்கே இருக்கிறது என்று அது ஊகிக்கிறது, பார்க்கவில்லை. ஃபிரேமுக்கு ஃபிரேம் அந்த ஊகம் துள்ளும். ஆழத்தைப் பற்றிச் சொல்வது இன்னும் ஊகம். ஒரு செ.மீ. தள்ளாட்டத்தை அதில் பிடிக்கலாம் என்று கனவு காணாதீர்கள். கேமராவை இடுப்பு உயரத்தில், முக்காலியில், அசைவுக்குச் செங்குத்தாக வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

புள்ளி வைத்து உடம்பைப் பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. 1880-களில் மாரே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஆளுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுக வெள்ளைக் கோடு வரைந்து, ஒரே கண்ணாடித் தகட்டில் பல தடவை படம் எடுத்தார். 1891-இல் லைப்சிக்கில் பிரவுன், பிஷர் இருவரும் ஒரு படைவீரரின் உடம்பில் ஒளிரும் மின்குழாய்களைக் கட்டி இருட்டில் நடக்க வைத்தார்கள். அதிலிருந்து கையால் கணக்குப் போட்டு வெளியிட்ட பகுதிகள் 1895 முதல் 1904 வரை வந்துகொண்டே இருந்தன. நம் போன் அந்த வேலையின் ஒரு வடிவத்தை விநாடிக்கு 30 தடவை செய்கிறது. அதுவும் அந்த இருவர் அளவுக்குத் துல்லியமாக இல்லை என்பது வேறு விஷயம்.

சுழற்சி எழுதியது:

படம் வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. உளவியலாளர் ஜொஹான்சன் 1973-இல் காட்டியது எனக்குப் பிடித்தது. இருட்டில், மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வெளிச்சப் புள்ளிகள். அசையாமல் நிறுத்தினால் வெறும் புள்ளிகள், என்னவென்றே தெரியாது. நடக்க ஆரம்பித்ததும் பார்க்கிறவர் ‘மனிதர்’ என்று உடனே சொல்லிவிடுகிறார். அதனால் வண்ண வண்ணமாக, எண்களும் முட்களும் பளிச்சிடும் திரைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான். என் மாணவிகளுக்கு இடுப்புக் கோணத்தை ஓர் அச்சிலும் முழங்கால் கோணத்தை இன்னோர் அச்சிலும் போட்டு ஒரு வளையம் வரைந்து காட்டுகிறேன். ஒரு நடைக்கு ஒரு வளையம். பத்து நடையின் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எங்கே கொத்தாகச் சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று அவர்களே விரலை வைத்துக் காட்டுகிறார்கள். மதிப்பெண் போட்டால் ‘எனக்கு எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு’ என்றுதான் கேட்பார்கள்.

கொக்கு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். பலகை வேலை செய்கிறது! வெறுங்கால், கை இடுப்பில், கண் மட்டத்தில் சுவரில் ஒட்டிய பொட்டு, ஒரு காலுக்கு மூன்று முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. கணுக்கால் கேட்ட கேள்விகளை மனதில் வைத்து எல்லா நாளும் ஒரே மாதிரி.

முதல் இரண்டு நாள் இரண்டு காலிலும் அழுத்த மையம் ஓடிய பாதையின் படங்கள் ஒரே அளவாகத் தெரிந்தன, ஒரு வித்தியாசமும் இல்லையே என்று ஏமாந்துபோனேன். அப்புறம்தான் கவனித்தேன், வரைபட மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் அச்சின் அளவைத் தானாகவே மாற்றிப் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. எறும்பும் யானையும் ஒரே சட்டகத்தில்! இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு, எல்லாப் படத்துக்கும் அதே அளவு என்று பூட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இடது கால், அதாவது நல்ல கால், படர்ந்த கொடி மாதிரி. மெதுவாக ஒரு பக்கம் போகிறது, மெதுவாகத் திரும்புகிறது, பெரிய இடத்தை எடுத்துக்கொள்கிறது. வலது கால் இறுக்கிச் சுற்றிய நூல்கண்டு. பரப்பு இடது காலில் முக்கால்வாசிதான், ஆனால் பாதையின் நீளம் ஒன்றரை மடங்கு. அந்தச் சின்ன இடத்துக்குள்ளே ஓடி ஓடித் திருத்திக்கொண்டிருக்கிறது. பரப்பை மட்டும் பார்த்திருந்தால் வலது கால்தான் உசத்தி என்று நானே சொல்லியிருப்பேன். செயலியும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது போலிருக்கிறது.

நின்று பார்த்தால் தெரிகிறது, வலது காலில் நிற்கும்போது கால்விரல்களால் தரையைப் பிடித்துக்கொள்கிறேன், கெண்டைக்கால் கல் மாதிரி ஆகிவிடுகிறது.

கணுக்கால் எழுதியது:

அதேதான். மூன்று மூன்று முறை என்பது குறைவு, பலகைக்கும் வரம்பு உண்டு, அதனால் இந்த ஒன்றரை மடங்கை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் படமும் நீங்கள் உணர்வதும் ஒத்துப்போகின்றன, அதுதான் எனக்கு முக்கியம். இனி நூல்கண்டைச் சின்னதாக்கப் பாடுபடாதீர்கள். அது அவிழட்டும். கால்விரலைத் தளர்த்துங்கள், கொஞ்சம் ஆடவிடுங்கள், ஆடி மீண்டு வாருங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் பரப்பு கூடினால் கவலைப்படாதீர்கள். கூடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.

மூட்டுவலி_முனிவர் எழுதியது:

சரி, நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். விழாமல் நிற்பது வேறு, விழப் போய் மீள்வது வேறு. செயலியை நீக்கச் சொன்ன பாதி அப்படியே நிற்கிறது.

மழைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதாம், அதற்கான சோதனைகள் நடக்கின்றன. ஒரு மாத்திரையையும் மாற்றியிருக்கிறார்கள். முகம் கழுவும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி பொருத்திவிட்டோம். எழுந்து நடந்து வந்து உட்கார 14 விநாடி ஆனது. அடுத்த மாதம் மறுபடி பார்க்கிறேன், அதே நாற்காலியில்.

கொக்கு எழுதியது:

அம்மா சீக்கிரம் தேறட்டும்.

என் பக்கம், நேற்று அளந்தேன். வலது காலின் பரப்பு கூடிவிட்டது, பாதை நீளம் குறைந்திருக்கிறது. நூல்கண்டு அவிழ ஆரம்பித்திருக்கிறது. ஆசைக்கு அந்தப் பழைய செயலியிலும் ஒரு முறை பார்த்தேன், 49. ‘உங்கள் சமநிலை மோசமாகி வருகிறது, பிரீமியம் திட்டத்தில் சேருங்கள்’ என்கிறது.

கணுக்கால் எழுதியது:

அடுத்த கட்டம், ஒற்றைக்காலில் நின்றபடி யாரையாவது பந்து போடச் சொல்லிப் பிடியுங்கள். போனை இடுப்பிலிருந்து கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கொக்கு எழுதியது:

கடைசி வரியை முதலில் எழுதியிருக்கலாம். பந்தைப் பிடித்துவிட்டேன். போனுக்குத் திரை மாற்ற வேண்டும்.